நான்கு சோதனைகள் தவறு என்று சொன்ன மாணவர்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "சார், இயற்பியல் விஞ்ஞானி இ.சி.ஜி. சுதர்சன் நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். மென்விசையைக் கண்டுபிடித்ததே அவர்தான். வெள்ளைக்காரன் அதைத் திருடி நோபல் வாங்கிக்கொண்டான். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?"

பிப்ரவரி 8, இரவு

தம்பி, ஒரே மூச்சில் இரண்டு தப்பு. மென்விசை, அதாவது சில அணுக்கருக்களைச் சிதையவைக்கும் விசை, என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு 1934-லேயே இத்தாலிக்காரர் ஃபெர்மி கணக்குப் போட்டு எழுதிவிட்டார். சுதர்சன் கண்டுபிடித்தது அந்த விசையின் வடிவத்தை. அடுத்தது, அந்த வேலைக்காக யாருக்குமே நோபல் கிடைக்கவில்லை. இதே வடிவத்தை எழுதிய அமெரிக்கர்கள் இரண்டு பேர், ஃபெய்ன்மேன், கெல்மான். ஃபெய்ன்மேன் 1965-ல் வாங்கியது ஒளியும் எலக்ட்ரானும் ஊடாடும் கணக்குக்காக. கெல்மான் 1969-ல் வாங்கியது துகள்களை வகைப்படுத்தியதற்காக. சுதர்சனின் வழிகாட்டி ராபர்ட் மார்ஷக், பச்சை அமெரிக்கர், அவருக்கும் கிடையாது.

விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடக்கிறது. மீதி அப்புறம்.

பிப்ரவரி 9

அவரைத் தமிழ்நாட்டுக்காரராக ஆக்கிவிட வேண்டாம், கேரள நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பிறந்தது 1931-ல், கோட்டயம் பக்கத்தில் பள்ளம் என்ற ஊர். தாம்பரத்தில் 1951-ல் ஆனர்ஸ் முடித்தார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பிறகு பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அங்கிருந்து அமெரிக்காவில் ராச்செஸ்டர். பின்னாளில் டெக்சாஸில் ஆஸ்டின். நடுவில் எண்பதுகளில் சென்னைக்கு வந்து தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். உரிமை கொண்டாட அது போதும்.

பிப்ரவரி 10

வடிவம் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி.

1950-களில் மென்விசைக்குச் சார்பியலோடு ஒத்துப்போகும் ஐந்து வடிவங்கள் சாத்தியம் என்று தெரியும். ஸ்கேலர், சூடோஸ்கேலர், டென்சர், வெக்டர், ஆக்ஸியல் வெக்டர். ஆங்கில முதலெழுத்தை வைத்து எஸ், பி, டி, வி, ஏ என்பார்கள். இயற்கை இதில் எதை எடுத்துக்கொண்டது, எந்த அளவில் கலந்தது என்பதுதான் அன்றைய வழக்கு.

1956-ல் லீ, யாங் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு குண்டு போட்டார்கள். மென்விசையில் இடம் வலம் சமம் என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் பார்த்திருக்கவில்லை. சியென்-ஷியுங் வூ என்ற பெண்மணி கோபால்ட்-60 அணுக்களைப் பூஜ்ஜியத்துக்கு மிக அருகே குளிரவைத்து, காந்தப்புலத்தால் ஒரே பக்கம் சுழல வரிசைப்படுத்தி, எலக்ட்ரான் எந்தப் பக்கம் அதிகமாக வருகிறது என்று எண்ணினார். சுழற்சி அச்சுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் அதிகம் வந்தது. இயற்கைக்கு இடம் வலம் தெரியும் என்று 1957 ஜனவரியில் உறுதியாகிவிட்டது. அந்த வருடமே லீக்கும் யாங்குக்கும் நோபல். வூவுக்கு இல்லை. ஏமாற்றப்பட்டவர்கள் பட்டியல் போடுகிற தம்பி முதல் வரியில் அந்த அம்மா பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

இடம் வலம் புரிய சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதாவது வெல்டிங் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். என் மைத்துனர் பட்டறையில் இரண்டு சிலிண்டர் சங்கிலி போட்டு நிற்கும். ஆக்ஸிஜன் சிலிண்டரின் நட் எல்லா நட் மாதிரியும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். அசிட்டிலின் நட்டில் ஆறு மூலையிலும் அரம் வைத்து அராவின மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அது இடது மரை, இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். ஒன்றின் ரெகுலேட்டரை இன்னொன்றில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்து வைத்தது. வலது மரையைக் கண்ணாடியில் காட்டினால் இடது மரையாகத் தெரியும். பட்டறையில் இரண்டும் உண்டு. மென்விசையின் பட்டறையில் இடது மரை மட்டும்தான். மென்விசையில் பிறக்கும், எடை அநேகமாக இல்லாத துகள் நியூட்ரினோ. அது முன்னால் போகும்போது அதன் சுழற்சி எப்போதும் இடது மரைக் கணக்கில் இருக்கும். எதிர் நியூட்ரினோ வலது மரை.

இதைக் கணக்கில் எழுதினால்தான் வி மைனஸ் ஏ. வெக்டர் கண்ணாடியில் குறி மாறும், ஆக்ஸியல் மாறாது. இரண்டையும் சம அளவில், எதிர்க்குறியோடு சேர்த்தால் வலப்பக்கம் முழுக்க அடிபட்டு இடப்பக்கம் மட்டும் மிஞ்சும். சுதர்சன் சொன்னது இதுதான்: பீட்டாச் சிதைவு (அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்வது), எலக்ட்ரானின் கனமான அண்ணனான மியூவானின் சிதைவு, மியூவானை அணுக்கரு விழுங்குவது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வடிவம்.

பிப்ரவரி 10, கொஞ்சம் பிறகு

மேலே சொன்ன மரைக் கணக்கு நியூட்ரினோவுக்குக் கிட்டத்தட்டக் கச்சிதம். எலக்ட்ரானுக்கு எடை இருப்பதால் அப்படியே பொருந்தாது. வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க இடது மரையாகும், மெதுவாகப் போனால் கலப்படம். இது பின்னால் பையான் என்ற, கொஞ்ச நேரமே வாழும் துகளின் கதையில் வேண்டும், நினைவில் வையுங்கள்.

பிப்ரவரி 11

வூவின் முடிவு தன் காதுக்கு எட்டுவதற்குச் சில நாள் முன்பு இயற்பியலாளர் பௌலி ஒரு கடிதத்தில், கடவுள் பலவீனமான இடக்கைக்காரர் என்று நான் நம்ப மாட்டேன் என்று எழுதினார். எங்கள் அப்பாயி கட்சி. என் தங்கை இடக்கைப் பழக்கம். சேர்வராயன் கோயிலுக்குப் போனால் குகைக்குள் குனிந்து நுழைவதற்குள், "பீச்சாங்கையை நீட்டாதடி" என்று அப்பாயி நாலு தடவை சொல்லிவிடும். பௌலிக்கு முடிவு தெரிந்ததும் நல்லவேளை பந்தயம் கட்டவில்லை என்று நிம்மதிப்பட்டார். அப்பாயி கடைசிவரை மாறவில்லை.

பிப்ரவரி 13

சரி, நான் எழுத நினைத்த இடத்துக்கு வருகிறேன். நோபல் கிடைக்காத கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய கதை வேறு.

1957-ல் சுதர்சன் 25 வயது ஆராய்ச்சி மாணவர். அவருக்கு முன்னால் கிடந்த சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. ஹீலியம்-6 சிதைவை அளந்தவர்கள் டென்சர் என்றார்கள். ஆர்கான்-35 சிதைவு வெக்டர் பக்கம் சாய்ந்தது. எல்லாச் சிதைவுக்கும் ஒரே விசைதான் என்று நம்பினால் இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. மற்றவர்கள் ஒரே விசை என்ற எண்ணத்தையே கைவிடலாமா என்று யோசித்தார்கள். சுதர்சனும் மார்ஷக்கும் எல்லா அளவீட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு வி மைனஸ் ஏ மட்டும்தான் சாத்தியம் என்றார்கள். அப்படியானால் இடிக்கிற நான்கு சோதனைகள்? அவை தவறு, திரும்பச் செய்யுங்கள்.

எவை என்று பெயர் சொல்லி எழுதினார்கள். ஹீலியம்-6 சிதைவில் எலக்ட்ரானும் நியூட்ரினோவும் எந்தக் கோணத்தில் பிரிகின்றன என்பது ஒன்று. மியூவானிலிருந்து வரும் எலக்ட்ரானின் சுழற்சிக் குறி ஒன்று. ஒரு பக்கமாக வரிசைப்படுத்திய நியூட்ரான் சிதையும்போது எந்தப் பக்கம் எவ்வளவு என்பது ஒன்று. பையான் நேரடியாக எலக்ட்ரானாகச் சிதைவதே இல்லை என்ற முடிவு ஒன்று.

நான்கும் மறுபடி செய்யப்பட்டன. நான்கிலும் மாணவர் பக்கம் ஜெயித்தது.

இதில் பையான் சமாச்சாரம் எனக்குப் பிடித்தது. பையான் பெரும்பாலும் மியூவானாகச் சிதைகிறது, எலக்ட்ரானாகச் சிதைந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எலக்ட்ரான் மியூவானைவிட 200 மடங்குக்கு மேல் லேசானது, மிஞ்சுகிற ஆற்றலும் அதிகம், அந்த வழியில்தான் நிறையப் போக வேண்டும் என்று தோன்றும். மரைக் கணக்கைப் போடுங்கள். பையானுக்குச் சுழற்சி கிடையாது. அதனால் எதிரெதிராகப் பறக்கிற எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் ஒரே மரையில் இருந்தாக வேண்டும். எதிர் நியூட்ரினோ வலது மரைதான், அதில் பேரம் கிடையாது. ஆக எலக்ட்ரானும் வலது மரையில் போக வேண்டும். வேகமான எலக்ட்ரானுக்கு அது ஆகாத காரியம். மியூவான் கனம், மெதுவாகப் போகிறது, கலப்படம் உண்டு என்றேனே, அது தப்பித்துக்கொள்கிறது. கணக்குப்படி பத்தாயிரம் பையானில் ஒன்றேகால் எலக்ட்ரானாகச் சிதைய வேண்டும். 1958-ல் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்து ஆட்கள் தேடினார்கள், கிடைத்தது. அதே வருடம் புரூக்ஹேவனில் கோல்ட்ஹேபர் குழு நியூட்ரினோ இடது மரைதான் என்று தனியாகவே அளந்துகாட்டியது.

பிப்ரவரி 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் என் கணக்குக்கு ஒத்துவராத ரீடிங்கை நானும் தப்பு என்று அடித்துவிடலாமா?"

ஐயா, நான் பிளஸ் டூ பிராக்டிகலுக்குப் பல வருடம் எக்ஸாமினராகப் போனவன். ஊசலை ஆட்டவே ஆட்டாமல் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அலைவுநேரத்தை இரண்டு தசமத்துக்கு நிரப்பி வைத்த நோட்டுகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் எல்லாப் பையன்களுக்கும் ஒரே ரீடிங். அதில் மூன்றாவது வரியில் ஒரு இலக்கம் இடம் மாறியிருந்தது, அதுவும் எல்லாரிடமும். இது விடையைக் காப்பாற்ற அளவீட்டை வளைப்பது. சுதர்சன் செய்தது வேறு. எந்த அளவீடும் வளையவில்லை. இதோ என் கழுத்து, இந்த நான்கில் ஒன்று நிலைத்தாலும் வெட்டிவிடுங்கள் என்று நீட்டினார். அந்தத் தைரியம் இருந்தால் நீங்களும் அடிக்கலாம்.

பிப்ரவரி 16

யார் முதலில் என்ற சண்டைக்கு வராமல் விடமாட்டேன் என்கிறார்கள். சுருக்கமாக.

1957 ஏப்ரலில் பெரிய மாநாடு ராச்செஸ்டரிலேயே நடந்தது. சுதர்சன் மாணவர் என்பதால் மேடை இல்லை. மார்ஷக் வேறொரு பொருளில் பேச வேண்டியிருந்தது. விஷயம் வெளியே வரவில்லை. கோடையில் கலிபோர்னியாவில் கெல்மானைச் சந்தித்து இருவரும் விளக்கினார்கள். செப்டம்பரில் இத்தாலியில் பாதுவா–வெனிஸ் மாநாட்டில் மார்ஷக் வாசித்தார். அந்த மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வருவதற்குள் 1958 ஜனவரி பிசிக்கல் ரிவ்யூ இதழில் ஃபெய்ன்மேன்–கெல்மான் கட்டுரை வந்துவிட்டது. உலகம் படித்தது அதைத்தான். மாநாட்டுத் தொகுப்பை யார் தேடிப் போய்ப் படிப்பார்கள்?

திருட்டு என்ற சொல்லை நான் எடுக்க மாட்டேன். ஃபெய்ன்மேன் தன் வழியில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதற்குப் போதுமான காரணம் இருக்கிறது. 1963-ல் அவரே, கண்டுபிடித்தது சுதர்சனும் மார்ஷக்கும், பரப்பியது நானும் கெல்மானும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். ஆனால் மார்ஷக் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாணவனின் கண்டுபிடிப்பை ஏப்ரலிலேயே இரண்டு பக்கக் குறிப்பாக இதழுக்கு அனுப்பியிருக்கலாம். பெரியவர்கள் நிதானமாகச் செய்யலாம் என்பார்கள், சின்னவர்களின் வருடம் போய்விடும். என் எம்.ஃபில். காலத்தில் இதைக் கொஞ்சம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எந்த ஊர், எந்தத் துறை என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 17

இரவு யோசித்தேன். மார்ஷக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. நான்கு சோதனை தப்பு என்று 25 வயதுப் பையன் சொன்னபோது தன் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர் அவர். எத்தனை வழிகாட்டிகள் அதைச் செய்வார்கள்? மனத்தாங்கல் இருக்கட்டும், மரியாதையும் இருக்கட்டும்.

பிப்ரவரி 20

2005 நோபலிலும் சுதர்சனை விட்டுவிட்டார்களே என்று கேட்டவருக்கு: அது வேறு வழக்கு, துகளே இல்லை, ஒளி. 1963-ல் கிளாபரும் சுதர்சனும் ஒளியின் குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதத்தைத் தந்தார்கள். பாடப்புத்தகத்திலேயே கிளாபர்–சுதர்சன் பி வடிவம் என்று இரட்டைப் பெயர். பரிசில் பாதி கிளாபருக்கு, மீதிப் பாதி ஹாலுக்கும் ஹென்ஷுக்கும். மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்பது அவர்கள் சட்டம். சுதர்சன் குழுவுக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வழக்கையும் ஒன்றாகக் குழைத்து இனவெறி என்று ஒரே வரியில் முடிப்பதால் வலுவான வழக்கும் பலவீனமாகிறது.

பிப்ரவரி 24, ஏற்காடு

நேற்று இரண்டு பழைய மாணவர்களோடு மேலே வந்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதிலும் மடியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டே. பெட்டிக்குள் இரண்டு கைகர் குழாய், ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் பழைய பேட்டரிக் கடையில் வாங்கி உருக்கித் தட்டிய ஈயத் தகடு. இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் அடித்தால் மட்டும் எண்ணுகிற சின்னச் சர்க்யூட். ஒற்றைக் குழாய் என்றால் பாறையிலிருந்து, சுவரிலிருந்து வரும் கதிரையெல்லாம் எண்ணும். இரண்டையும் ஈயத்தையும் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழே போவது பெரும்பாலும், விண்வெளிக் கதிர் காற்றில் மோதிப் பிறந்த மியூவான்.

தங்கியிருந்த எஸ்டேட் வீட்டுத் திண்ணையில் மிளகு காயப்போட்டிருந்தார்கள். அதை ஒரு ஓரம் ஒதுக்கிவிட்டுப் பெட்டியை வைத்தோம். மூடுபனி ஏறி சர்க்யூட் ஈரமானதும் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப் போசியைக் கொடுத்து, "இதுக்குள்ள வைங்க சார்" என்றார். வைத்தோம், அடங்கியது. டிக்... டிக், டிக்... கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி டிக். கீழே அஸ்தம்பட்டியில் என் மாடியில் எண்ணியதைவிட இங்கே அதிகம், அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 சொச்சம்.

மியூவானுக்கு ஆயுள் சராசரி 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். இவை பிறப்பதோ தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் வாக்கில். சார்பியல்படி நம் கணக்கில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுவதால்தான் தரை வரை வருகின்றன. வழியில் சிதைந்துபோனவை போக மீதி சேலத்துக்கு. அந்தச் சிதைவு ஒவ்வொன்றும் வி மைனஸ் ஏ. ஏற்காட்டில் கூடுதலாகக் கேட்ட டிக்கில் ஒரு பகுதி, சேலத்துக்கு இறங்குவதற்குள் மென்விசை தின்றுவிடுகிற மியூவான்.

பிப்ரவரி 25

"ஒரு பகுதி" என்று ஏன் எழுதினேன் என்று மாணவனே கேட்டான். குறைவுக்குச் சிதைவு மட்டும் காரணம் இல்லை. 1200 மீட்டர் காற்றும் மியூவானின் ஆற்றலைக் குடிக்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் அந்தக் காற்றின் கனத்துக்குச் சமமான தகட்டை மேலே வைத்து ஏற்காட்டிலேயே எண்ண வேண்டும். அவ்வளவு ஈயத்தைச் சுமக்க லாரி பிடிக்கணும், மைத்துனர் மாட்டேன் என்றுவிட்டார்.

மார்ச் 1

"இதனால் என்ன பயன்?" ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி காயப்போடுகிற களத்தைப் பார்த்திருப்பீர்கள். வெயில் வேண்டும். சூரியனுக்குள் இரண்டு புரோட்டான் சேரும்போது ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும், அதைச் செய்வது மென்விசை. அது மெதுவாக நடப்பதால்தான் சூரியன் ஒரேயடியாக எரிந்து தீராமல் 450 கோடி வருடமாக ஓடுகிறது. பயன் போதுமா?

மார்ச் 3

வி மைனஸ் ஏ-க்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் அது பழைய தகராறாகவே நின்றுவிடும். வடிவம் வெக்டர் வகை என்று தெரிந்ததும், மின்காந்தத்தில் ஒளித்துகள் இருப்பது போல இங்கேயும் ஒரு வெக்டர் துகள் நடுவில் நின்று விசையைக் கடத்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஸ்கேலரும் டென்சருமாக இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. கிளாஷோ, சலாம், வைன்பர்க் மூவரும் அறுபதுகளில் மின்காந்தத்தையும் மென்விசையையும் ஒரே கட்டமைப்பில் கொண்டுவந்தார்கள், 1979-ல் நோபல். அந்தக் கட்டமைப்பில் இடது மரைத் துகள்கள் ஜோடியாக வரும், வலது மரை தனியாக நிற்கும். 1957-ன் தழும்பு அப்படியே இருக்கிறது. விசையைக் கடத்தும் அந்த டபிள்யூ துகளை 1983-ல் செர்னில் பிடித்தார்கள். புரோட்டானைப் போல 85 மடங்கு கனம், அதனால்தான் விசைக்கு அவ்வளவு குட்டைக் கை, மிகக் கொஞ்சத் தூரம்தான் எட்டும்.

ஏன் இடது மட்டும் என்று கேட்டால் பதில் இல்லை. அப்படித்தான் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

மார்ச் 4

டேக்கியான் கேட்காமல் விடுவீர்களா. 1962-ல் பிலானியுக், தேஷ்பாண்டே, சுதர்சன் மூவரும் ஒளியை மிஞ்சும் துகள் இருந்தால் சார்பியல் உடனே உடைந்துவிடாது என்று எழுதினார்கள். யாரும் கண்டதில்லை. 1977-ல் மிஸ்ராவோடு எழுதிய சீனோ விளைவு அப்படியல்ல. ஒரு குவாண்டம் நிலையை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அதன் மாற்றம் தள்ளிப்போகும் என்றார்கள். 1990-ல் பெரிலியம் அயனிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

மார்ச் 7

அம்மாபேட்டைத் தம்பி மறுபடி வந்திருக்கிறார். கோபம் தணிந்துவிட்டது போல. நியூட்ரினோவைப் பிடிக்கிற வேலை நம் பக்கம் எங்காவது நடந்ததா என்கிறார்.

நடந்தது தம்பி, பக்கத்திலேயே. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, இங்கிலாந்துக் குழுக்களும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவை 1965-ல் பதிவுசெய்தன. அவ்வளவு ஆழம் எதற்கென்றால், போசிக்குள் நாங்கள் எண்ணிய அந்த மியூவான்கள் எல்லாம் மேலே உள்ள பாறையிலேயே நின்றுவிட வேண்டும். அதையும் தாண்டிப் பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது அருகில் இருந்த பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்தது. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போய், பங்காருப்பேட்டையில் மாறினால் மாரிகுப்பம் வரை ரயில் உண்டு. சுரங்கம் மூடிக் கிடக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். அதன் சயனைடு மண்மேடுகளை ரயிலிலிருந்தே பார்க்கலாம். போவதானால் விடுமுறையில் சொல்லுங்கள், நானும் வருகிறேன், அந்தக் கைகர் பெட்டியை நீங்கள் சுமக்க வேண்டும்.